முள்ளம்பன்றியின் படகுக்குப் பிசின் தேடிய கதை

காட்டு ஏரியின் நடுவே ஒரு மேடு. அதன்மேல் கீரியின் இரண்டு குட்டிகள் மாட்டிக்கொண்டன. மலையில் பெய்த மழையால் ஏரி ஏறிக்கொண்டே இருந்தது.

இருந்ததோ ஒரே படகு. முள்ளம்பன்றி தன் கையாலேயே செதுக்கிய படகு அது. அதன் அடிப்பலகையில் நீளமாக ஒரு விரிசல்!

"அண்ணே, எதையாவது வைத்து ஒட்டுங்களேன்!" என்று கீரி பதறியது.

கரடி ஓடிப்போய்ப் பலாப்பால் கொண்டுவந்தது. குரங்கு வேலம்பிசின் கொண்டுவந்தது.

"பலாப்பாலா? சீ! என் படகில் கறை படியும்!" என்று முள்ளம்பன்றி முகம் சுளித்தது. "பிசினைப் பார், கண்ணாடி மாதிரி மின்னுகிறது!"

குரங்குக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. இரண்டு குச்சிகளைப் பிசினால் ஒட்டி வெயிலில் காயவைத்தது. "இழு பார்க்கலாம்!" என்று கரடியிடம் நீட்டியது. கரடி மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தது. குச்சி பிரியவில்லை, கரடிதான் மல்லாக்க விழுந்தது.

"இதற்குமேல் என்ன சோதனை வேண்டும்?" என்றது முள்ளம்பன்றி. விரிசலில் பிசினைப் பூசி, காய்ந்ததும் பளபளவென்று துடைத்தும் வைத்தது. குட்டிகள் மேட்டில் கத்துகின்றன, இதற்குப் பளபளப்பு கேட்கிறது!

கீரியும் முள்ளம்பன்றியும் படகில் ஏறின. பத்தடி கூடப் போகவில்லை. பிசின் கரைந்து, தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வந்தது. இரண்டும் படகை இழுத்துக்கொண்டு தொப்பலாகக் கரையேறின.

"என் பிள்ளைகள் முழுகப் போகிறார்கள்! உன் படகின் அழகை யார் கேட்டது?" என்று கீரி கதறியது.

அப்போது பக்கத்தில் கரடி கைகழுவிக்கொண்டிருந்தது. மணலைப் போட்டுத் தேய்த்தும் பலாப்பால் போகவில்லை. "சனியன்! எவ்வளவு தண்ணீர் விட்டாலும் விடமாட்டேன் என்கிறதே!"

"என்ன சொன்னாய்?" என்று முள்ளம்பன்றி துள்ளியது. "அதைத்தான் கொண்டுவா! நிறையக் கொண்டுவா!"

எல்லாம் சேர்ந்து பலகையைத் துடைத்து அனலில் காயவைத்தன. தேங்காய் நாரைப் பலாப்பாலில் தோய்த்து விரிசலில் திணித்தன. முள்ளம்பன்றியே குனிந்து, அதன்மேல் இன்னும் ஒரு பூச்சு பூசியது. புகையும் கறையும் படிந்து, அழகுப் படகு இப்போது கரிச்சட்டி போல இருந்தது.

ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை! படகு மேட்டை அடைந்தபோது குட்டிகளின் கழுத்துவரை தண்ணீர்.

"அய்யே, படகு அசிங்கமா இருக்கே அம்மா!" என்றது சின்னக் குட்டி.

"வாயை மூடிக்கொண்டு ஏறுடா!" என்றது முள்ளம்பன்றி.

தண்ணீரில் உழைக்க வேண்டிய பொருளைத் தண்ணீரில்தான் சோதிக்க வேண்டும். பளபளப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவன் நட்டாற்றில் தவிப்பான்.