பண்ணையாரின் சீமை வாத்துகள்

அறுவடை முடிந்த வயலில் மேய வந்த பவளாயியின் வெள்ளை வாத்துகள், வழி தவறிப் பண்ணையார் தாண்டவராயரின் குளத்தில் இறங்கிவிட்டன. அவருடைய வெள்ளை வாத்துகளும் அங்கேதான் நீந்திக்கொண்டிருந்தன. கப்பலில் வந்த சீமை வாத்துகள் என்று அவர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவை.

“இதுல உன்னுது எது, காட்டு,” என்றார் அவர்.

“கூப்பிட்டா வரும் சாமி.”

“தீனி கிடைக்கும்னா எதுவும்தான் வரும். இனத்தைப் பார்த்துப் பிரி. முடியாட்டி எல்லாமே எனக்கு.”

“சீமை வாத்துக்கு உடம்பு கனம் சாமி. மிரட்டினா தத்தித் தத்தித்தான் போகும். நாட்டு வாத்துதான் நிமிந்து நின்னு ஓடும். அப்படி ஓடுறதெல்லாம் என்னுது, சம்மதமா?”

“சம்மதம்!” என்று ஊரறியச் சொல்லி, நாயை அவிழ்த்துவிட்டார்.

நாய் குளத்தில் பாய்ந்ததும் அத்தனை வாத்தும் கரையேறி, நட்ட குச்சிபோல் நிமிர்ந்து, பவளாயியின் காலடிக்கே ஓடிவந்தன. “சீமை வாத்துன்னதும் நாட்டு வாத்துதானா!” என்று ஊர் சிரித்தது. பண்ணையார் முகத்தில் ஈயாடவில்லை.

“அவர் சொன்ன சொல்லுக்கு எல்லாமே உன்னுதுதான், ஓட்டிக்கிட்டுப் போ!” என்றார்கள்.

“அடுத்தவங்க பொருள் நமக்கெதுக்கு?” என்று பெருமையாகச் சொல்லி, பவளாயி தான் வளர்த்தவற்றை அடையாளம் கண்டு, அவற்றை மட்டும் பிரித்து ஓட்டினாள். வரப்பு வரை பின்னாலேயே வந்த பண்ணை வாத்துகளை அவள்தான் கோலை நீட்டித் திருப்பி விரட்டினாள்.

மறுநாள் பண்ணை வீட்டில் ஊருக்கே வாத்துக்கறி விருந்து. தன்னைத் தலைகுனிய வைத்தவற்றில் ஒன்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

விருந்துக்குக் கூப்பிட வந்தவனிடம், “எனக்குக் கஞ்சியே போதும்பா,” என்றாள் பவளாயி. பண்ணையாரை மடக்கத் தெரிந்தவளுக்கு, அந்தக் கோலைத் தாழ்த்தத் தெரியாமல் போயிற்று.