அடைக்கோழி ஏன் முட்டையிடுவதில்லை

கோழிக்கும் பேச வாய் இருந்த அந்தக் காலத்தில் சிவப்பி என்றொரு கோழி இருந்தாள். அன்றாடம் ஒரு முட்டை போடுவாள். போட்டதும் ஊரைக் கூட்டிக் கொக்கரித்துவிட்டு, கொண்டையன் என்ற சேவலோடு குப்பை கிளறப் போய்விடுவாள். அடை காப்பது என்றால் என்னவென்று எந்தக் கோழிக்கும் தெரியாது. வெயில் சூட்டில் ஒன்றிரண்டு பொரிந்தால் உண்டு. அதைவிடச் சுகமான காலம் கோழி இனத்துக்கு வாய்த்ததேயில்லை.

ஒரு வருடம் மழை விடவேயில்லை. ஒரு குஞ்சுகூடப் பொரியவில்லை. தனக்குப் பின் கோழியே இருக்காது என்று சிவப்பி பயந்துபோய், வெயில் சூட்டுக்குப் பதில் தன் உடம்புச் சூடாவது படட்டும் என்று முட்டைகள்மேல் உட்கார்ந்து பார்த்தாள். அரை நாள்கூடத் தாங்கவில்லை. பசித்தது, அடுத்த முட்டை வந்து முட்டியது, கொண்டையன் கூப்பிட்டான். எழுந்து போய்விட்டாள்.

அவள் உடம்புக்குள் முட்டைக் கூடம் ஒன்று உண்டு. அதன் வாசலில் ஒரு காவலாளி. இரத்த ஓட்டத்தில் ஏறி ஒரு தூதன் தினமும் அங்கே வந்து, "முட்டை போட்டது போதும், உட்காரச் சொல்லு" என்று கை நீட்டுவான். யார் கையையும் பிடிக்கக் கூடாது என்பது காவலாளிக்குப் பிறவிக் கட்டளை. அவன் பிள்ளையார் சிலை மாதிரி நிற்பான். தூதன் வந்த வழியே போவான்.

சிவப்பி காவலாளியிடம் கெஞ்சினாள். "அண்ணே, ஒரே ஒரு தடவை அவன் கையைப் பிடிங்க."

"பிடிச்சா கூடத்தை மூடிடுவேன் தாயி. முட்டை நின்னுடும். கொண்டை வெளுத்துப்போகும், தீனி இறங்காது. சேவல் கூப்பிட்டாலும் காதுல ஏறாது."

சிவப்பி வெளியே பார்த்தாள். கொண்டையன் மழையில் நனைந்தபடி, கிளறியெடுத்த புழுவைத் தின்னாமல் அவளுக்காக வைத்துக்கொண்டு நின்றான். அவளுக்கு அழுகை வந்தது.

"பிடிங்க" என்றாள்.

காவலாளி தூதன் கையைப் பிடித்தான். கூடம் மூடிக்கொண்டது. சிவப்பி நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு, வெறுந்தோல் படும்படி முட்டைகள்மேல் உட்கார்ந்தாள். கொண்டையன் இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டான். இருபத்தோராம் நாள் பதினோரு குஞ்சுகள் பொரிந்தன.

குஞ்சுகள் தனியே மேயத் தொடங்கியதும் காவலாளி கையை விட்டான். முட்டையும் வந்தது, கொண்டையனும் வந்தான். கவலையில்லாத அந்தப் பழைய நாட்கள் மட்டும் வரவேயில்லை. பத்து முட்டை சேர்ந்தாலே, தூதன் நீட்டும் கையைப் பிடித்துப் பழகிவிட்ட காவலாளி பிடித்துக்கொண்டான்.

அன்று முதல்தான் அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையிடுவதில்லை. முட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, அடை கலையட்டும் என்று நாம் அதைத் தண்ணீரில் முக்கி விட்டாலும், சொட்டச் சொட்ட ஓடிப்போய் வெறும் தரைமேல் இறக்கையை விரித்து உட்கார்ந்துகொள்கிறது.