ஹெல்மெட்டில் இருந்த பெயர்கள்

திருமேனி மாதம் ஒரு முறை மலையடிவாரத்துக்கு வந்து குருவைப் பார்த்துவிட்டுப் போவார். கட்டடக் கம்பெனி முதலாளி. இருபத்தாறு வருடமாக வீடும் பள்ளிக்கூடமும் கட்டி நாலு பேர் மெச்ச இருந்தவர். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் குரு முன்னால் திருமேனி தரையில்தான் உட்காருவார்.

அன்று வரும்போதே முகம் தொங்கிப்போயிருந்தது.

படித்துவிட்டு வரும் பிள்ளைகள் யாரும் தன்னிடம் நிலைப்பதில்லை என்றார். வருகிறார்கள், ஆறு மாதம் இருக்கிறார்கள், சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள். சம்பளத்தைக் கூட்டினார். பைக் வாங்கிக் கொடுத்தார். தங்கும் அறைக்கு ஏசிகூட மாட்டிவிட்டார். போன வாரம் இன்ஜினியரிங் காலேஜுக்கே போய்ப் பேசினார். நாற்பது பேர் வந்தார்கள், கொடுத்த சமோசாவைச் சாப்பிட்டார்கள், ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. அடுத்த மாதத்துக்குள் இரண்டு இன்ஜினியராவது கிடைக்காவிட்டால் கையில் இருக்கும் ஆஸ்பத்திரி கட்டும் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அது போனால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

"எதைக் கொடுத்தா பிள்ளைங்க வருவாங்க, சாமி?"

கடைசியாகப் போனவர் விட்டுப்போன பொருள் ஏதாவது இருக்கிறதா என்று குரு கேட்டார். காரில், கட்டடம் கட்டும் இடத்தில் இன்ஜினியர் போடும் ஒரு வெள்ளை ஹெல்மெட் கிடந்தது. அடுத்து வருபவருக்கு ஆகுமே என்று எடுத்து வைத்திருந்தார் திருமேனி. எதையும் வீணாக்காத மனிதர்.

நெற்றிப் பக்கம் 'முகிலன்' என்று ஒரு ஸ்டிக்கர். குரு அதன் ஓரத்தை நகத்தால் நெம்பி உரித்தார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். ஜெனிபர்.

"இவங்க?"

"ஒரு பொண்ணு. கல்யாணம்னு போச்சுன்னு நினைக்கிறேன்."

அதையும் உரித்தார். பிரதாப்.

திருமேனி வெகுநேரம் யோசித்தார். முகம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. அவருக்கே வெட்கமாக இருந்தது.

குரு அதையும் உரித்தார். அதன் அடியில் ஸ்டிக்கர் இல்லை. பெயின்ட் தொட்டுக் கையால் எழுதிய பெயர். பொன்வேல்.

"இது நான் எழுதினது" என்றார் திருமேனி.

கம்பெனி வளர்ந்து, படித்தவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும் நிலை வந்தபோது முதலில் சேர்ந்தவன் பொன்வேல். பெரிய கம்பெனிகள் கூப்பிட்டும் போகாமல், உங்களிடம்தான் வேலை கற்க வேண்டும் என்று வந்து நின்றவன். நாலு வருடம் இருவரும் ஒரே கேரியரில் சாப்பிட்டார்கள்.

"ஏன் போனாரு?"

மூன்றாவது மாடிக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த நாள் அது. காலை பத்து மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அப்பா தவறிவிட்டார், சாயங்காலம் எடுத்துவிடுவார்கள். கிளம்பட்டுமா என்று பொன்வேல் கேட்டான். வேலையை முடித்துவிட்டுப் போகச் சொன்னார் திருமேனி. முடிய ஆறு மணி ஆகிவிட்டது. அவன் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் கொள்ளி வைத்து எல்லாம் முடிந்திருந்தது. அதன்பிறகு அவன் திரும்பி வரவே இல்லை.

சொல்லி முடிக்கும்போது திருமேனிக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"கான்கிரீட்டைப் பாதியில நிறுத்த முடியாது, சாமி. நிறுத்தினா அந்த இடம் ஒட்டாது, பின்னால தண்ணி இறங்கும். விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட நின்னே ஆகணும்."

"சரிதான்."

"அவனைத் தனியா விட்டுட்டும் போகலை. நானும் காலையில இருந்து கடைசி வரைக்கும் பக்கத்துலயேதான் நின்னேன்."

குரு ஹெல்மெட்டை அவர் மடியில் வைத்தார்.

"அதான் நீங்க நின்னீங்களே. அவரை அனுப்பியிருக்கலாமே."