லைன் டிரைவர் போட்ட டீ

"பேசாம லைனுக்கே திரும்பிப் போயர்லாம்னு இருக்கறேன் சீரங்கா. நீ என்ன சொல்ற?"

கேட்டவர் அர்த்தநாரி. வயது ஐம்பத்தொன்று. சங்ககிரியிலிருந்து கவுகாத்தி வரைக்கும் வாரக்கணக்கில் லாரி ஓட்டியவர். அந்தப் பக்கத்தில் அதற்கு லைன் ஓட்டுவது என்று பெயர். நான்கு மாதங்களாக லோக்கல். காலையில் சிமெண்ட் ஏற்றினால் பொழுது சாயும்போது வீடு.

சீரங்கன் அவரைவிட ஒன்பது வயது இளையவன். அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரே அர்த்தநாரிதான். ஆனால் லைனை விட்டு லோக்கலுக்கு வந்த விஷயத்தில் சீரங்கன் எட்டு வருடம் சீனியர். இந்த ஒரு பாடத்துக்கு அவன்தான் குரு. என்ன செய்வது, சீடர் ஆகத்தான் வேண்டும்.

சீரங்கன் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"லோக்கல்ல என்னங்ண்ணா குறை?"

"குறை வண்டியில இல்லடா. வீட்டுல."

"அண்ணி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொன்னாத்தான் பரவால்லியே. ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்ல."

சீரங்கன் முடிச்சுப் போட்டான்.

"என்ற புள்ளைக்காகத்தான் லைனை உட்டேன். பன்னெண்டாவது படிக்கறா. அடுத்த வருசம் காலேஜு, ஹாஸ்டலுன்னு போயிருவா. இருக்கற ஒரு வருசமாச்சும் கூட இருக்கலாம்னு வந்தேன். லைன்ல இருந்தப்ப போன் போட்டா வெக்கவே மாட்டா. எந்த ஊரு, மழை பேயுதா, அங்கத்த வீடெல்லாம் எப்புடி இருக்கும்னு கேட்டுக்கிட்டே இருப்பா. இப்பப் பக்கத்துலயே உக்காந்திருக்கறேன். சாப்டீங்களாப்பாங்கறா. அதோட சரி."

கவுகாத்தி போய்வந்து அலுக்காத மனிதர் அழுதுவிடுவார் போல இருந்தார்.

"மொதலாளி புதுசா பதினாறு சக்கர வண்டி எடுத்திருக்கறாரு. வரியா இல்லியான்னு நாளைக்குக் காலைல சொல்லோணும். லைனா, லோக்கலா? நீ சொல்றதைக் கேட்டுக்கறேன்."

சீரங்கன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"டீ குடிக்கோணும் போல இருக்குதுங்ண்ணா."

"வா, கடைக்குப் போலாம்."

"கடை டீ வேண்டாம். நீங்க போடற டீ. குடிச்சு எட்டு வருசமாச்சு."

அர்த்தநாரிக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. கேட்ட கேள்வியைக்கூட மறந்துவிட்டார்.

அது லேசுப்பட்ட டீ இல்லை. அதிலாபாத் தேக்கங்காட்டு நிழலில் போட்ட டீ. நாக்பூர் வெயிலில், எரிகிற தாருக்குப் பக்கத்தில் போட்ட டீ. ஒருமுறை அசாம் எல்லையில் வெள்ளம் வந்து ரோட்டை அறுத்துக்கொண்டு போனது. மூன்று நாள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். சீரங்கனுக்கு நல்ல காய்ச்சல். அர்த்தநாரி லாரிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, காற்றில் அணையாமல் ஸ்டவ்வைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு, இஞ்சி தட்டிப் போட்டு வேளைக்கு ஒரு தம்ளர் நீட்டினார்.

பெற்றவள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று சீரங்கன் இன்றும் சொல்வான். சொல்லும்போது கண் கலங்கும். அந்த நாட்கள் போனதில் அவனுக்கும் வருத்தம்தான். இல்லை என்று அவன் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அர்த்தநாரியின் வீடு நடக்கிற தூரம். மனைவி பூங்கொடி நூல்மில் வேலைக்குப் போயிருந்தாள். அன்று பள்ளிக்கூடம் லீவு. மகள் கீர்த்திகா உள்ளே படித்துக்கொண்டிருந்தாள்.

அர்த்தநாரி உள்ளே போகவில்லை. வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. லைனில் கூடவே போய்வந்த பெட்டி. அதைத் திறந்தார்.

பம்ப் ஸ்டவ் வந்தது. டீ கொதிக்க வைக்கிற, கரி பிடித்த போசி வந்தது. டீத்தூள், சர்க்கரை, காகிதத்தில் சுற்றிய இஞ்சி, பால் பவுடர். எதையும் தேடவில்லை. கை தானாகப் போய் எடுத்தது.

சமையல்கட்டில் ஒரு சட்டி நிறையக் காய்ச்சிய பால் இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

ரோட்டைப் பார்த்துக் குந்தி உட்கார்ந்து பம்ப் அடித்தார். ஸ்டவ் இரையத் தொடங்கியது.

சத்தம் கேட்டுக் கீர்த்திகா கதவுக்கு வந்தாள். கையில் புத்தகம்.

"எந்த ஊருக்குங்ப்பா?"

"எந்த ஊருக்கும் இல்ல சாமி. சித்தப்பனுக்கு டீ."

"ஓ."

கொஞ்ச நேரம் நின்றாள். போய்விட்டாள்.

டீ வந்தது. அதே டீ. அதே இஞ்சி. சீரங்கன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். தேக்கங்காட்டைப் பற்றிப் பேசினார்கள். செத்துப்போன ஒரு பஞ்சாபி டிரைவரைப் பற்றிப் பேசினார்கள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"இப்பச் சொல்லு" என்றார் அர்த்தநாரி. "லைனா, லோக்கலா?"

சீரங்கன் தம்ளரைக் கீழே வைத்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"டீ அருமைங்ண்ணா. இங்க அடுப்புப் பத்த வெச்சதுக்கு வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"எந்த வீட்டுக்காரங்கடா?"

சீரங்கன் அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினான்.

அர்த்தநாரி திரும்பிப் பார்த்தார்.

லைன் ஓட்டி ஓட்டி அவர் கட்டிய வீடு. சிரிக்கப் போனார். சிரிப்பு வரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்தார். செருப்பைக் கழற்றினார். கேள்விக்குப் பதில் வாங்காமலே உள்ளே போனார்.

டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது.

"கீர்த்தி, டீத்தூள் எங்க சாமி இருக்குது?"

"ரெண்டாவது தட்டுலங்ப்பா. அது சீரகம். ஐயோ, அது உப்பு. தள்ளுங்க நீங்க. சித்தப்பாவுக்கு இன்னொரு டீயா?"

"இல்ல. உனக்கு."

வாசலில் சீரங்கன் ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிட்டான். இரைச்சல் அடங்கியது.

"நீங்க போட்டு நான் ஒருநாளும் டீ குடிச்சதில்லீங்ப்பா" என்றாள் அவள்.