பொறுமைபுரத்துச் சுமையாட்கள் பானம்பண்ணின விதம்

பொறுமைபுரம் சந்தையில் மூட்டை தூக்கும் நால்வருக்குத் தனியாக எதையும் செய்து பழக்கமில்லை. "ஐலசா" என்றால் நாலு பேரும் ஒன்றாகக் குனிவார்கள், ஒன்றாக நிமிர்வார்கள். ஒருவன் தும்மினால் மற்றவர்களுக்கும் தும்மல் வரும்வரை அடுத்த மூட்டையைத் தொடமாட்டார்கள்.

அவர்களில் யேசுவடியானுக்கு நாற்பது தாண்டிக் கல்யாணம் கூடிவந்தது. பெண் மீன்கடை ரூபவதி. ஆனால் பேராயர் கையால் முதல் இராப்போசனம் வாங்கும் திடப்படுத்தல் முடியாதவனுக்குச் சபையில் கல்யாண அறிவிப்பு வாசிக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பேராயர் வந்து திராட்சரசம் ஊற்றிய இராப்போசனப் பாத்திரத்தை நீட்டுவார், குடித்துவிட்டால் ரூபவதி. விட்டால் அவர் மறுபடி வர மூணு வருஷம்.

"அதுக்குள்ள நான் கருவாடாயிருவேன்" என்று ரூபவதி சொல்லிவிட்டாள்.

அவனைத் தனியே விடலாமா என்று மற்ற மூவரும், சாத்திராக்கும் தீமோத்தேயுவும் ஞானக்கண்ணும், திடப்படுத்தலுக்குப் பெயர் கொடுத்தார்கள்.

புதுப் போதகர் கிரேக்கம் படித்தவர். படித்ததை அடக்கி வைக்க முடியாதவர். "'பினோ'ன்னா குடிக்கிறேன். கடைசி இராவிலே ஆண்டவர் சொன்னது 'பியெத்தே', குடியுங்கள். ஒருத்தனுக்கில்லை, எல்லாரையும் பார்த்துச் சொன்ன கட்டளை" என்று சொல்லிவிட்டு வெளியூர் போய்விட்டார்.

"அப்ப ஒருத்தன் முந்திக் குடிச்சா?" என்றான் சாத்திராக்கு.

"மூட்டை சாயும்" என்றான் தீமோத்தேயு.

ஒத்திகை நடந்தது. ஒரு செம்புத் தண்ணீருக்கு நாலு தலையும் ஐலசா போட்டுக் குனிந்ததில் நாலு நெற்றியும் வீங்கியது. ஞானக்கண் யோசித்து, உறிஞ்சிக் குடிக்கப் பப்பாளித் தண்டு நாலு வெட்டிவந்தான். சாத்திராக்குக்கு மூச்சு பெரிது. மற்றவர்களுக்குக் காற்றுதான் வந்தது.

சேர்ந்து குடிக்கப் பழகும்வரை யாரும் எதையும் குடிப்பதில்லை என்று தீர்மானமாயிற்று.

"ரசம்?" என்றான் யேசுவடியான், நாக்கு ஒட்ட.

"பிசைஞ்சா சோறு. குடிச்சா குத்தம்" என்றார்கள் மூவரும்.

ஞாயிற்றுக்கிழமை பேராயர் பாத்திரத்தை நீட்டினார். யேசுவடியான் வாயைப் பொத்திக்கொண்டு மூவரையும் பார்த்தான். பெண்கள் பக்கமிருந்து ரூபவதி, செதில் உரிக்கப்போகும் மீனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள்.

"குடிப்பா" என்றார் போதகர்.

"தனியாவா ஐயா? எல்லாருக்கும்னு..."

போதகருக்கு வேர்த்தது. "ஒருத்தனுக்குச் சொல்லவும் கிரேக்கத்திலே சொல் இருக்கு. 'பியே'! உனக்குத்தான். பியே!"

யேசுவடியான் குடித்தான். பேராயர் பாத்திரத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். அடி தெரிந்தது.

அடுத்த வாரம் கல்யாண அறிவிப்பு வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்டார். மூவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"ஆள் நாங்க நாலு பேரு ஐயா. பொண்ணு ஒண்ணுதானே வாசிச்சீங்க?"

ரூபவதி எழுந்தாள். "தூக்குறதுன்னா நாலு பேரும் வாங்க. கட்டுறதுக்கு ஒருத்தன் போதும்."

நியாயந்தான் என்று மூவரும் உட்கார்ந்தார்கள்.

கல்யாணத்தன்று காலையில் ரூபவதி தலையில் பூ வைக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் "ஐலசா" என்று சத்தம் கேட்டது. நாற்காலியோடு தூக்கி, தெருவெல்லாம் சுமந்து, பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்து நின்றார்கள். முன்னங்காலைப் பிடித்திருந்தவன் மாப்பிள்ளை.

"யேசுவடியான், பெண்ணோட கையைப் பிடி" என்றார் போதகர்.

"இவன் கையை விட்டா பொண்ணு சாஞ்சிரும் ஐயா" என்றார்கள் மூவரும். "தாலியை நீங்களே கட்டிருங்க, அப்புறம் இறக்குறோம்."