தும்மிய ஆடும் எட்டாவது சாஃப்ட்வேரும்

கடல்மாதா மேல் ஆணை! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசையில் மிச்சமிருக்கும் ஏழு மயிரும் இப்போதே உதிரட்டும்.

தேரிக்காட்டுச் செம்மணலில் நாலு மைல் நடந்துபோய், மீனவர் சங்கத்துக் கஸ்பார் தன் மடிக்கணினியை முத்துக்கனி டீச்சர் முன்னால் பொத்தென்று வைத்தார்.

வலைத்தளம் கட்டுகிறவர்களுக்கெல்லாம் டீச்சர்தான் குரு. கஸ்பாரைவிட இருபது வயது இளையவர். அவர் வளர்க்கும் ஆட்டிடம் ஒரு வலைப்பக்கத்தைக் காட்டினால் போதும், திறக்க நேரமெடுக்கும் கனமான பக்கமென்றால் தும்மிவிடும்.

ஆடு தும்மியது. மூன்று முறை.

“என்ன அண்ணாச்சி, முகம் கொதிக்குது?”

“கொதிக்காம? ஊரே கொண்டாடுதே ‘பூம்பந்தல்’னு ஒரு சாஃப்ட்வேர், வெளங்காத மூதேவி! அதுலதான் எங்க மீனவர் சங்கத்துக்குப் பக்கம் கட்டுனேன். காத்து வருதான்னு அதைப் பாத்துதான் கடலுக்குப் போகணும். போன வாரம் என் மச்சான் நடுக்கடல்ல போனை எடுத்துத் தொறந்தான். கனம் தாங்காம வள்ளமே ஒரு பக்கமாச் சாஞ்சிருச்சு!”

“பெறவு?”

“பக்கம் வரல. காத்து வந்துருச்சு. ஒத்தப் பலகையக் கட்டிப்பிடிச்சிக் கரை சேந்தான்.”

“வேற சாஃப்ட்வேர் பாக்கலையா?”

“ஏழு பாத்தாச்சு. ஏழும் களவாணி. அதே கனம்! நாளைக்கு விடியக்காலம் சூறைக்காத்தாம். நாப்பது வள்ளம் எறங்கப் போகுது. எட்டாவது ஒண்ணு சொல்லுங்க. சொல்லாம எந்திரிக்க மாட்டேன்.”

டீச்சர் எழுந்தார்.

“நான் நடக்கேன். உங்க பக்கத்துல உள்ளதை மேலேருந்து ஒண்ணு விடாம வாசிங்க.”

முதுகைக் காட்டி நடந்தார்.

கஸ்பார் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார்.

“வருக, வருக! நீல அலை ஆடுது. தலைவர் கைகூப்பி நிக்கார்.”

“ஏழுலயும் இதேதானா?”

“பின்னே? தலைவர் படத்தை ஏத்துறதுதானே முதல் வேலை! மாலையோட ஒரு தடவை நிக்கார். செயலாளர் நிக்கார். பொருளாளர் நிக்கார். பொருளாளர் மச்சினன் கண்ணாடி போட்டு நிக்கார்...”

டீச்சர் நிற்கவில்லை.

எதிரே சுவரில்லாத பாழுங்கிணறு. இரண்டே எட்டு.

“சங்கத்தின் வெள்ளிவிழா மலர்...”

கஸ்பார் நிமிர்ந்து பார்த்தார். மடிக்கணினி மணலில் விழுந்தது.

“டீச்சர், போகாதீங்க! கெணறு!”

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. திரும்பாமலே கேட்டார்:

“இந்தப் ‘போகாதீங்க’ உங்க பக்கத்துல எத்தனாவது வரி, அண்ணாச்சி?”

கஸ்பார் மணலில் கிடந்த மடிக்கணினியைப் பொறுக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்.

விடியும் முன்னே நாற்பது போனிலும் சங்கத்தின் பக்கம் சட்டென்று திறந்தது. எந்தச் சாஃப்ட்வேரும் இல்லாமல் கஸ்பாரே விரலால் தட்டியது. வெள்ளையில் கறுப்பாக ஒரே வரி.

இன்று போகாதீர்கள், சூறைக்காற்று.

நாற்பது வள்ளமும் மணலிலேயே கிடந்தன. தலைவருடையதும்தான்.

ஆனாலும் மனிதர் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார், தன் படத்தைக் கழற்ற வைத்தது யாரென்று. உங்களிடம் வந்து கேட்டால் ஆட்டைக் காட்டுங்கள்.

கதை சொன்ன என்னைக் காட்டிவிடாதீர்கள்.