சாம்பியன் போட்ட முடிச்சு

மண்டபம் கடற்கரையில் பாய்மரப் பலகை வாடகைக்கு விடும் கொட்டகையில் ஜெசிந்தாவுக்கு வேலை. ஒருநாள் சாம்பியன் தனசேகர் வந்தார். பெரிய பேர், அதைவிடப் பெரிய வாய். பாயை இழுத்துக் கட்டும் முடிச்சைத் தாமே போட்டார். “இந்த முடிச்சு என்னைத் தவிர யாருக்கும் வராது” என்றார். கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. பலகை அசையவில்லை.

“பாய்ல கோளாறு. இவ சரிபண்ணலைன்னா வேலையை விட்டுத் தூக்குங்க” என்றார் முதலாளியிடம்.

ஜெசிந்தா பாயைக் கொட்டகைக்குப் பின்னால் தூக்கிப்போனாள். மதியம் கொண்டுவந்து கொடுத்தாள். பலகை பறந்தது.

“இவ ஒரு விரக்கடை இழுத்துக் கட்டினதும் எப்படிப் போகுது பாத்தீங்களா?” என்று கரையேறினார் சாம்பியன்.

முதலாளி குனிந்து பார்த்தார். சாம்பியன் காலையில் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

“அப்போ நீ என்னம்மா செஞ்ச?”

“காத்து வர்ற வரைக்கும் டீ குடிச்சேன் முதலாளி.”